ஸ்கூட்டரில் வந்த சிரிப்பு

டீக்கடைக்காரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள்.

மீதியை இறக்கக் கை வரவில்லை. கொக்கிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

எதிரே வாட்ச் கடைக்காரர் இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்புக் கடை, பாத்திரக் கடை, மருந்துக் கடை எல்லாரும் தங்கள் ஷட்டரையும் பாதி இறக்கிவிட்டுக் காத்திருந்தார்கள்; எல்லாருடைய கண்ணும் இவள் ஷட்டர் மேல்தான். போன கலவரத்தில் முதலில் எரிந்தது இந்தக் கடை. அன்றிலிருந்து இவள் மூடினால் கடைத்தெருவே மூடும்.

கடைத்தெரு மூடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில்தான் தீக்குச்சிக்குத் தைரியம் வரும்.

கடைத்தெருவுக்கு மேற்கே ஒரு சனம், கிழக்கே ஒரு சனம். சாமி வேறு, வீட்டில் பேசும் மொழி வேறு. மேற்குப் பக்கத்தார் கும்பிடும் கூடத்தின் ஜன்னலில் யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்று சற்றுமுன் செய்தி வந்தது. வரும்போது அது ஒரு கல். செருப்புக் கடையைத் தாண்டும்போது பத்துக் கல். மருந்துக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒருவருக்கு மண்டையே உடைந்திருந்தது.

தெருவின் இரண்டு முனையிலும் பையன்கள் கூட ஆரம்பித்தார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

இன்னொரு முறை எரிந்தால் திரும்ப எழ அவளால் ஆகாது. பணத்தைக்கூட எங்கேயாவது புரட்டிவிடலாம். மனசை யாரிடம் போய்க் கேட்பது?

கம்பியை இழுக்கப் போனபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"ஜோடி கிளம்பிடுச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

டிராயிங் மாஸ்டர் மேற்குப் பக்கத்துக்குப் பெரிய மனிதர். மெக்கானிக் கிழக்குப் பக்கத்துக்கு. எந்த வதந்தி கிளம்பினாலும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறி, இரண்டு பக்கத்துத் தெருக்களையும் சுற்றி வருவார்கள். கூட்டம் போட மாட்டார்கள். மைக் பிடிக்க மாட்டார்கள். யாருக்கும் புத்தி சொல்ல மாட்டார்கள். ஆமை வேகத்தில், சிரித்துப் பேசிக்கொண்டு, ஒரு சுற்று. கலவரத்துக்குப் பிறகு இந்த மூன்று வருடமாக ஊருக்கு இதுதான் வைத்தியம்.

மெக்கானிக் ஓட்டினார். மாஸ்டருக்குப் பெரிய உடம்பு. பின்சக்கரம் பாவம், மூச்சு வாங்கியது. அவர் கை மெக்கானிக்கின் தோளில் இருந்தது, வாய் காதோரத்தில். மெக்கானிக் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படி ஒட்டி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

ஸ்கூட்டர் அவள் கடை வாசலில் நின்றது.

"ரெண்டு டீ போடும்மா. எனக்குச் சர்க்கரை வேணாம்," என்றார் மாஸ்டர், தெருவுக்கே கேட்கும்படி.

"அவர் வாயில இருக்கிற சர்க்கரையே போதும்க்கா," என்றார் மெக்கானிக், அதைவிடச் சத்தமாக.

தெரு சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்தாள். அவசரத்தில் டீ பாதி அடுப்பில் சிந்தியது. தம்ளர்களோடு வெளியே வந்து நீட்டும்போதுதான் அது காதில் விழுந்தது. சிரித்த முகம் மாறாமல் இருவரும் பல்லுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லெறிஞ்சது உங்க ஆளுங்கதான்யா. என்கிட்டயே மழுப்புறியா?"

"என் ஒர்க் ஷாப் எரிஞ்சப்ப நீங்க எங்க சார் போனீங்க? கதவைச் சாத்திக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"என் பொண்ணு கையில இருக்கிற தழும்பு? அது மட்டும் என்னவாம்? சாகிற வரைக்கும் உங்களை மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்காதீங்க, யார் கேட்டா? கையை மட்டும் எடுக்காதீங்க சார், பார்க்கிறாங்க. சிரிங்க."

மாஸ்டர் சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இந்தச் சிரிப்பை நம்பித்தானே மூன்று வருடமாகத் தினமும் கடையைத் திறந்தாள்?

தோளிலிருந்த கையைப் பார்த்தாள். விரல்கள் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தன. அத்தனை ஆத்திரம் அதில். இவ்வளவையும் வைத்துக்கொண்டா, ஒவ்வொரு முறையும், ஒரே வண்டியில் ஏறினார்கள்? இறங்கிப் போக இரண்டு பேருக்கும் எத்தனை காரணம் இருந்தது! ஒருவரும் இறங்கவில்லையே.

இவர்களுடைய பிரியம் என்றைக்காவது தீர்ந்துபோனால் ஊர் என்ன ஆகும் என்று அவள் பயந்திருக்கிறாள். இது பிரியம் இல்லை. இது தீர்கிற பண்டமாகவும் தெரியவில்லை.

அவள் சிரித்தாள். முதலில் பொய்யாகத்தான். பிறகு அதுவே பிடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா ஜோக்கு? எங்களுக்கும் சொல்லுங்களேன்!" எதிரிலிருந்து வாட்ச் கடைக்காரர் கத்தினார். காரணம் தெரியாமல் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"முதல்ல கடையைத் திற, அப்புறம் சொல்றேன்!"

கொக்கிக் கம்பியை மாட்டி, ஷட்டரை ஒரே தள்ளாக மேலே தள்ளினாள். கடகடவென்று சத்தம். அடுத்து வாட்ச் கடை. அதற்கடுத்துச் செருப்புக் கடை, பாத்திரக் கடை. கோடையில் இடி உருண்ட மாதிரி தெரு முழுக்க ஷட்டர்கள் மேலே ஏறின. முனைகளில் நின்ற பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கையிலிருந்ததைச் சத்தமில்லாமல் சாக்கடையில் நழுவவிட்டுக் கலைந்தார்கள்.

மாஸ்டர் காலித் தம்ளரை நீட்டினார். தாங்கள் பேசியது அவள் காதில் விழுந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"டீ நல்லா இருந்ததும்மா," என்றார்.

வண்டி நகர்ந்தது. தோளிலிருந்த கையை எடுக்காமலே மெக்கானிக்கின் காதோரம் குனிந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார் மாஸ்டர். இன்னும் நாலைந்து தெரு பாக்கி இருந்தது.