சிவப்புக் கோடு

மார்மன் சபையில் அவர்களுடைய வேதமான மார்மன் புத்தகத்தைப் புது அச்சில் கொடுத்திருந்தார்கள். ஞானதுரைக்குக் கண்ணில் புரை. அவர் தம் பழைய பிரதியில் சிவப்புப் பென்சிலால் போட்டிருந்த கோடுகளை மனைவி சலோமி ஒவ்வொன்றாகப் புதியதில் அதே வரிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். உபவாச ஞாயிறு, அடுப்பு வேலை இல்லை. ஒரு வசனத்தில் பென்சில் நின்றது.

“ஏங்க, நம்பி வர்றவங்க வெள்ளையாயிருவாங்கன்னு பழசுல இருக்குது. வெள்ளைங்கறதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருக்கீங்க. புதுசுல அந்த வார்த்தையே இல்லீங்க. சுத்தமாயிருவாங்கன்னு இருக்குது.”

“எப்ப மாத்துனாங்க?”

“தெரியலீங்க. ஆனா வசன நம்பர் அதேதான்.”

ஞானதுரை சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். கரிய கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். இந்தக் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ.

“ஞானஸ்நானம் எடுத்த நாள்லருந்து வாராவாரம் பாத்துட்டுத்தான் இருந்தேன்” என்றார்.

அவர் அப்படிப் பார்த்துவந்ததைச் சலோமி இதுவரை கவனித்ததேயில்லை. அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலைப் புதுப் பக்கத்தின்மேல் பிடித்தபடி கேட்டாள்.

“இங்க கோடு போடட்டுங்களா, வேண்டாங்களா?”