சும்மா நிற்கிற வேலை

செங்கல் சூளையில் பதினெட்டு வருஷம் பொதி சுமந்த கழுதைக்கு முட்டி தேய்ந்துபோனது. கடைசிக் காலத்துக்கு லேசாக ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று அது அலைந்தது. காக்காதான் விசாரித்து வந்து சொன்னது.

"அண்ணே, பஜாரில் ஒரு பாத்திரக்கடை. கழுத்தில் 'என்னைப் பார், யோகம் வரும்'னு அட்டை கட்டிக்கிட்டு வாசலில் சும்மா நிக்கணும். கூலி வெறும் வாழைப்பழத் தோல்தான்."

"தோல் போதும்டா. முதுகில் எதையும் ஏத்தாம இருந்தா சரி."

முதல் நாள் காலையில், பரீட்சைக்குப் போகிற ஒரு பெண் அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடினாள். பிறகு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒரு பெரியவர் வந்தார். கழுதையின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

நாலாம் நாள் அவர் வரவில்லை.

கழுதை தோலைத் தொடவில்லை. கடை சாத்துகிற நேரத்தில் காக்கா பறந்து வந்தது.

"என்னண்ணே, சும்மா நிக்கிறதுக்கே இப்படிக் கால் நடுங்குது?"

கழுதை தெருமுனையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னது:

"செங்கல்லுன்னா சாயங்காலம் இறக்கிடுவாங்கடா."