கண்ணாடியில் தெரியாமல்

பூந்தமல்லி ஃபர்னிச்சர் கடையில், பெரிய டிரெஸ்ஸிங் டேபிளுக்கு முன்னால் தஸ்தகீர் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வீடியோவில் மகளுக்கு வரப்போகும் மாமியார். "கண்ணாடில நீங்கதான் தெரியிறீங்க சம்பந்தி. கொஞ்சம் நவுருங்களேன்." இடப்பக்கம் நகர்ந்தால் தோள் தெரிகிறது, வலப்பக்கம் நகர்ந்தால் தொப்பி. முட்டிவலியால் நாற்காலியில் உட்கார்ந்தே தொழுகிறவர், டேபிளின் விளிம்பைப் பிடித்து மெல்ல மண்டியிட்டு, கையை மட்டும் உயர்த்துகிறார். "இப்ப பளிச்சுனு கீது. அடுத்தத காட்டுங்க." மூலையில், தனக்குப் பிடித்த சின்ன டேபிளின் டிராயரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த மகள் ஷாகிதா எழுந்து வருகிறாள். "இதே இருக்கட்டும் மாமி, எனக்கு இதான் புடிச்சிருக்கு. அத்தா, எந்திரிங்க." பொய்யென்று அவருக்குத் தெரியும். எழுந்து நின்று மறுக்க வேண்டும். எழத்தான் முடியவில்லை.