படி இல்லாத வண்டி

“ஜூன் 12. இன்றைய சிறு தவறு: வண்டிப் படியைக் கழற்றும் முன், அது யாருக்கு வேண்டும் என்று யோசிக்கவில்லை.” பட்டறை வேலை முடிந்து வந்த தீபன், மாலை வகுப்பில் உட்கார்ந்து பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதினான்.

காலையில் வாடிக்கையாளர் காசி, காட்டுப் பாதையில் ஓடும் உயரமான ஃபோர் வீல் வண்டியில் மனைவி நாகம்மையோடு பட்டறைக்கு வந்து இறங்கினார். “ரெண்டு சைட் ஸ்டெப்பையும் கழட்டு தம்பி. ஞாயித்துக்கிழமை காஹாங் காட்டுக்குப் போறோம். படியோட போனா ஃபோர் வீல் கிளப்புல சிரிப்பாங்க.”

“அக்கா எப்படிண்ணே ஏறுவாங்க?”

“துள்ளி ஏறட்டும்.”

படிகள் கழன்றதும் நாகம்மை சேலையைச் செருகிக்கொண்டு, ஒரே துள்ளலில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இடப்பக்கம் காசி காலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

“ஏறுங்க லா. உங்களுக்கு லைசன்ஸ்தான் இல்ல, காலுமா இல்ல?” என்றாள்.

தீபன் கடைசி வரியை எழுதினான்: “நாளைய வேலை: இடப்பக்கப் படியை மட்டும் திரும்ப மாட்ட வேண்டும்.”