நீர்நாயின் வால்

கடைக் கதவின் மணி கலீரென்று அடித்தது.

நிமிர்ந்து பார்த்த ஹஸீனா, கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்க மறந்துபோனாள்.

உள்ளே வந்தவனை இதற்கு முன் அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவளிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தாரணி தன் போனில் அந்த முகத்தைக் காட்டியிருந்தாள். எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்லிவிடச் சொல்லியிருந்தாள்.

சரத். தாரணியின் கணவன். நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், எட்டு மாதமாக அவளையும் மகளையும் தேடிக்கொண்டிருப்பவன்.

தாரணி இப்போது பத்தடி தள்ளி, திரைக்குப் பின்னால், ஜெர்சிகளில் எண்களை அச்சடித்துக்கொண்டிருந்தாள்.

ஃபேரர் பார்க்கின் அந்த மாடிக் கடைக்கு வாசல் ஒன்றுதான்.

“வாங்க சார், என்ன பார்க்கணும்?”

“வாங்க வரல அக்கா. ஒரு லோகோ. எந்த டீம்னு தெரியணும், அவ்வளவுதான்.”

திரைக்குப் பின்னால் துணி உதறும் சத்தம் சட்டென்று நின்றது.

குரல் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவன் போனை மேசையில் வைத்தான். சிறுவர் கால்பந்து லீக்கின் பக்கத்திலிருந்து எடுத்த படம். ஜெர்சி போட்ட ஒரு சிறுமி, கையில் கோப்பை. முகம் தெரியாதபடி கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். தாரணி கெஞ்சிக் கேட்டு வெட்டவைத்தது.

முழங்கையில் இருந்த தீத்தழும்பை வெட்டச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தத் தழும்பை உண்டாக்கியவனுக்கு அது போதுமாயிருந்தது.

“என் மக அனுப்ரியா. பத்து வயசு. சர்ப்ரைஸா போய் நிக்கணும் லா.” சிரித்தான். நல்ல சிரிப்பு. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பீப். பீப். பீப்.

உள்ளே அச்சு இயந்திரம் கூப்பிட்டது. பதினைந்து விநாடி முடிந்ததும் சூடான மூடியைத் தூக்க வேண்டும். யாரும் தூக்கவில்லை.

ஹஸீனா படத்தின் மேல் குனிந்தாள். கோப்பை பாதிச் சின்னத்தை மறைத்திருந்தது. மிச்சம் தெரிந்தது ஒரு தடித்த வால், அதன் கீழே மூன்று வளைந்த கோடுகள்.

அவளே வரைந்தது. பொங்கோல் நீர்நாய்கள்.

எந்த டீம் வந்தாலும் முதலில் ஊரைத்தான் கேட்பாள். அந்த ஊரில் என்ன இருக்கிறதோ, அதையே செல்லப்பெயராக்கிச் சின்னத்தில் உட்கார வைப்பாள். பொங்கோலுக்கு நீர்வழி, அதில் நீந்தும் நீர்நாய். சின்னத்தைப் பார்த்தால் ஊர் தெரிய வேண்டும் என்பது அவள் பெருமை.

இன்று அந்தப் பெருமையே அவனுக்கு வழிகாட்டப் பார்த்தது.

சுவர்க் கடிகாரம் மூன்று காட்டியது. ஐந்து மணிக்குப் பொங்கோல் திடலில் அனுப்ரியாவுக்கு ஆட்டம்.

தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கடைக்குப் போவான். அங்கே யாராவது சொல்லிவிடுவார்கள். தெரியாது என்றால் போதாது. அவனைத் தீவின் மறுபக்கம் அனுப்ப வேண்டும்.

“இதுவா? குரங்கு வால். குவீன்ஸ்டவுன் பக்கத்து டீம். மங்கீஸ்.”

“குவீன்ஸ்டவுன்ல ஏதுக்கா குரங்கு?”

“பக்கத்துல மலை இருக்குல்ல. கீழ மூணு கோடு போட்டிருக்காங்களே, அது அந்த மலைதான்.”

“எனக்கு அலை மாதிரி தெரியுது.”

“சின்னதா பிரிண்ட் பண்ணா அப்படித்தான் தெரியும் சார். இருபது வருஷமா இதே வேலைதானே பார்க்கிறேன்.”

அவன் தலையாட்டினான். பீப் சத்தம் நிற்கவில்லை. பாலியெஸ்டர் கருகும் வாடை மெல்லத் திரையைத் தாண்டி வந்தது.

“உங்க மெஷின் பசிச்ச பிள்ளை மாதிரி அழுவுது. உள்ள ஆளு இல்லையா?”

“நான் ஒருத்திதான்.”

“அப்ப போய் எடுங்க. நான் வெயிட் பண்றேன்.”

“பழைய துணி. சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டது. கருகினா கருகட்டும்.”

கத்தரிக்கோலின் பிடி அவள் விரல்களில் பதிந்து வலித்தது. திரையை விலக்கினால் தாரணி தெரிவாள். விலக்காவிட்டால் இந்தச் சத்தம் அவளைக் காட்டிக்கொடுக்கும்.

அவன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

“குவீன்ஸ்டவுன். மங்கீஸ். ரொம்ப நன்றி அக்கா.”

கதவை நோக்கி நடந்தான். கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். மணி பாதி அடித்தது.

ஹஸீனா மூச்சை விட்டாள். எம்ஆர்டி ரயில் பிடித்து அவன் போய்ச் சேரவே அரை மணி நேரம் ஆகும். அதற்குள் போலீஸைக் கூப்பிடலாம். குழந்தையைத் திடலுக்குப் போகாமல் தடுத்துவிடலாம்.

கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

அவன் உள்ளேதான் நின்றான்.

மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தான். திரைக்கு நேர் எதிரே போட்டு, அவசரமில்லாதவனைப் போல உட்கார்ந்தான்.

“காலையிலேருந்து அஞ்சு கடை ஏறி இறங்கிட்டேன் அக்கா. எல்லாரும் பார்த்த உடனே நீர்நாய், பொங்கோல்னுதான் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் குரங்குன்னு சொல்றீங்க.”