பாதித் தட்டு

மாமனார் இன்றைக்கும் பாதித் தட்டோடு எழுந்துவிட்டார். நாலு வாய் ரொட்டியும் கறியும் மென்றவர், தீர்ப்பு எழுதப்போகும் நீதிபதி மாதிரி தாடையைத் தடவியபடி யோசித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உணவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். ஒரு வாய் தின்றே ஓட்டலை மூடவைப்பார் என்று பெயர்.

"ரிட்டயர் ஆகியும் இன்ஸ்பெக்‌ஷன் நிக்கல பாருங்க," என்றாள் கணவனிடம்.

"விடு. வயசாச்சு, பசி இருக்காது."

"பசி இல்லாம என்ன? நாக்கு நாலு முழம்."

மறுநாளிலிருந்து மூன்று வேளையும் வெறும் கஞ்சி வைத்தாள். கணவன் கேட்டதற்கு, "மாமாவுக்கு வயிறு சரியில்லையாம்" என்று சமாளித்தாள்.

மாமனார் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்றார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து உப்பையும் குறைத்தாள்.

ஒரு நாள் காலை பேப்பர் படிக்கும்போது அவருக்கு ஒரு கண்ணில் திரை விழுந்தது மாதிரி பாதி மறைந்துபோனது. கண் மருத்துவர் அன்றைக்கே பெரிய டாக்டரிடம் அனுப்பினார். மகனும் மருமகளும் கூடப் போனார்கள்.

டாக்டர் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நெற்றிப்பொட்டை லேசாக அழுத்தியதும் மாமனார் துடித்துப்போனார்.

"தலை சீவினா வலிக்குதா?"

"சீப்பைத் தொட்டே நாளாச்சு டாக்டர்."

"பெரிய ரத்தக்குழாய்கள்ல வீக்கம். பொட்டுல ஓடுற குழாய் கயிறாட்டம் தடிச்சிருக்கு. ஸ்டீராய்டு இப்பவே ஆரம்பிக்கணும், ஸ்கேனுக்காகக் காத்திருந்தா கண்ணு போயிடும். மென்னா தாடை வலிச்சிருக்குமே? அங்க ரத்தம் பத்தாது, நாலு வாய்க்கு மேல முடியாது."

மருமகளுக்குத் திக்கென்றது. அந்தத் தாடைத் தடவல்.

"இத்தனை நாளா என்னதான் சாப்பிட்டீங்க?"

"கஞ்சி."

"வெறும் கஞ்சியா? யார் குடுத்தது?"

கணவன் திரும்பி அவளைப் பார்த்தான். "வயிறு சரியில்லைன்னுதானே சொன்னே?"

அவள் தலை தானாகக் குனிந்தது. செருப்பு நுனியைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

மாமனார் அவள் பக்கம் கையைக் காட்டினார்.

"சமைச்ச பொண்ணு மனசு நோகுமேன்னு நான் வலியை யார்கிட்டயும் சொல்லல டாக்டர். சொல்லாமலே கண்டுபிடிச்சவ என் மருமக ஒருத்திதான்."