எந்தப் பக்கம், டீச்சர்?

அவள் ஜன்னலைத் திறக்கவில்லை.

கோத்தகிரியில் மார்கழி. கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. அதற்கு வெளியே, விளிம்பில், அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய் நின்றுகொண்டிருக்கும்.

அவர் கட்டிலில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சிரிப்பதுபோல, மரியாதையாக.

அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மகள் ஷீபா அப்பாவின் ஸ்வெட்டர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஓர் இல்லம். மறதி வந்தவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம். கார் கிளம்பி வந்துகொண்டிருந்தது.

"உன்னையே யாருன்னு தெரியலம்மா அவருக்கு. இன்னும் எத்தனை நாள் தனியா அல்லாடுவ?"



கல்யாணமான புதிதில் அவர்தான் அந்தக் குழாயைப் பள்ளி ஆய்வகத்தில் செய்து கொண்டுவந்தார். கோபால்ட் குளோரைடு, கொஞ்சம் அமிலம், கொஞ்சம் தண்ணீர். வாயைச் சுடரில் உருக்கி மூடியிருந்தார். சூடானால் நீலம். குளிர்ந்தால் ரோஸ். எதுவும் வெளியே போகாது, எதுவும் தீராது.

இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே வேதியியல். வீட்டிலும் அவர் அவளுக்கு சார். அவள் அவருக்கு டீச்சர்.

"எந்தப் பக்கம், டீச்சர்?"

விடிந்ததும் இதுதான். ஜன்னலைத் திறப்பதற்கு முன் இருவரும், நீலப் பக்கமா ரோஸ் பக்கமா என்று, நிறத்தைச் சொல்லிவிட வேண்டும். தோற்றவர் காபி போட வேண்டும்.

மலைக் குளிரில், விடியற்காலையில் என்ன நிறம் இருக்கும் என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். குளிரவைத்தால் வினை வெப்பத்தை வெளிவிடும் பக்கம், அதாவது ரோஸ் பக்கம், சாயும். அதைப் போர்டில் எழுதி எழுதியே அவருக்குத் தோள் வலி வந்தது.

அவள் ரோஸ் என்பாள்.

அவர் நீலம் என்பார்.

ஒவ்வொரு நாளும்.

பிறகு, அடடா, போச்சே என்று தலையைச் சொறிந்துகொண்டு சமையலறைக்குப் போவார். சுத்த நடிப்பு. அவளும் கண்டுகொள்ள மாட்டாள். போர்வைக்குள் இருந்தபடி அந்தப் பாத்திரச் சத்தத்தைக் கேட்பது அவ்வளவு பிடிக்கும் அவளுக்கு. ஷீபா எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இப்படியொரு பந்தயம் இருப்பதை மகளிடம் இருவரும் சொன்னதே இல்லை.

ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவர் வாசலில் போய் நின்றார். அன்றோடு பந்தயம் நின்றது.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பயம். கேட்டு, அவர் ரோஸ் என்று சரியாகச் சொல்லிவிட்டால்?

"கெமிஸ்ட்ரி மட்டும் அவருக்கு மறக்காதுன்னு சொல்லுவல்ல," என்றாள் ஷீபா. "இரு, நானே கேக்குறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் முன்னால் போய்க் குனிந்துவிட்டாள்.

"அப்பா, வெளிய பயங்கரக் குளிரு. அந்தக் குழாய் இப்ப என்ன கலர்ல இருக்கும்?"

பனி படிந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீலம்," என்றார்.

ஷீபா ஜன்னலைத் திறந்தாள். குழாய் ரோஸாக நின்றது.

"பாத்தியாம்மா. இதுவும் போயிருச்சு."

அவர் கம்பளியை விலக்கினார். காலால் துழாவிச் செருப்பை மாட்டினார். தலையைச் சொறிந்துகொண்டார். சமையலறைப் பக்கம் நடந்தார்.

"அப்பா, எங்க போறீங்க?"

பின்னாலேயே ஓடப்போன மகளின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு பாத்திரம் இன்னொன்றின்மேல் இடித்தது. பைப்பில் தண்ணீர் விழுந்தது.

"நான் போய்க் கூட நிக்கிறேன்," என்றாள். "நீ பெட்டியத் திறந்து ஒரு ஸ்வெட்டர் எடு. அடுப்படி குளிரும் அவருக்கு."